நட்சத்திரப் பெயர் வைத்த படம்

அன்று கூடத்தில் இருந்தவர்கள் நான்கே பேர்: கோதண்டராமன் பெரியப்பா, ராஜம்மாள் பெரியம்மா, அவர்கள் மகன் புகழேந்தி, பெரியப்பாவின் தம்பி மகளான ஐந்தாம் வகுப்பு அபிநயா.

பெரியப்பாவின் அறுபதாம் கல்யாணப் படங்கள் நானூற்றுப் பன்னிரண்டும் கணினியில் இருந்தன. வேறு எங்கும் நகல் இல்லை. அவற்றைப் பார்க்கக் கீழ்பென்னாத்தூர் சம்பந்தி வீட்டார் வேனில் வந்துகொண்டிருந்தார்கள்.

ஒரு படத்தில் மட்டும் பெரியப்பாவின் தலைப்பாகையை ஒரு குரங்கு பிடுங்கிக்கொண்டிருந்தது.

“அது அவங்க கண்ணுல படக்கூடாது. நம்ம குடும்பத்துக்குன்னு ஒரு மரியாதை இருக்கு,” என்றார் பெரியப்பா. “அடையாளம் வெச்சிருக்கேன். அழிச்சுடு.”

மளிகைப் பட்டியலில் வேண்டாத சாமானுக்கு நட்சத்திரக் குறி போடுவது அவர் வழக்கம். அதேபோல, அந்தப் படத்தின் பழைய பெயரை எடுத்துவிட்டு, வெறும் * என்று பெயர் வைத்திருந்தார்.

“குப்பைத்தொட்டியில போட்டுடலாமே?” என்றாள் அபிநயா.

“அங்க போட்டா யாராச்சும் தோண்டி எடுப்பாங்க.” புகழேந்தி கறுப்புத் திரையைத் திறந்தான். அங்கே மவுசுக்கு வேலை இல்லை. கட்டளையைத் தட்டச்சு செய்ய வேண்டும். “இதுல அழிச்சா சுவடே இருக்காது. காலேஜ்ல கத்துக்கிட்டேன்.”

அழிக்கும் கட்டளையை அடித்தான். பக்கத்தில் * போட்டான். விரல் என்டரை நோக்கிப் போனது.

அபிநயா அந்த நட்சத்திரத்தைப் பார்த்துவிட்டாள். கறுப்புத் திரையில் நட்சத்திரம் என்றால் ‘இங்கே இருக்கிற எல்லாம்’ என்று பொருள். பள்ளியில் இப்படித்தான் அவள் வகுப்பின் ஓவியங்களையெல்லாம் ஒரே தட்டில் தொலைத்தாள்.

அண்ணன் கையைப் பிடித்து, பெரியப்பா காதில் விழாமல் சொன்னாள்: “கொஞ்சம் இருங்கண்ணா. அழின்னு சொல்லாம, முதல்ல இந்த நட்சத்திரத்துக்குப் பட்டியல் காட்டுன்னு கேளுங்க.”

கேட்டான். நானூற்றுப் பன்னிரண்டு பெயர்களும் கடகடவென்று ஓடின. புகழேந்தி விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தான்.

“எல்லாமே போயிருக்குமா?”

“நானும் ஒருதடவை பண்ணியிருக்கேன். வேற பேரு வெச்சுட்டு அழிக்கலாம்.”

பெயர் மாற்றும்முன், சரியான படம்தானா என்று திறந்தாள். பெரியப்பா குனிந்து பார்த்தார். குரங்குக்குப் பின்னால் பெரியம்மா வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். மற்ற படங்களிலெல்லாம் ஆதார் அட்டைக்கு நிற்பதுபோல நின்றவர்.

“இவ எப்போ சிரிச்சா?”

“உங்க தலைப்பாகையில கை வைக்க ஒரு குரங்குக்காவது தைரியம் வந்துச்சேன்னு சிரிச்சேன்,” என்றார் பெரியம்மா.

பெரியப்பா முதுகை நிமிர்த்திக்கொண்டார். “அழிக்க வேணாம். இதையே முதல்ல போடு.”

வேன் வந்தது. படத்தைப் பார்த்துக் கூடமே குலுங்கியது. பெரியப்பாவின் சிரிப்புச் சத்தம்தான் ஜாஸ்தி.

புகழேந்தி கல்யாணப் படங்களை அழித்துவிட்டான் என்று அவர்கள் ஊரான அடி அண்ணாமலையில் ஒரு பேச்சு உலவுகிறது. அது பொய். ஒரு படம்கூட அழியவில்லை.