பாதியில் சிக்கும் தகடு

நான் ஊருக்குக் கிளம்பிய மாலையில் என் கணவர் தாவெத்தி கணப்பின் புகைத்தகட்டைத் திறந்துகொண்டிருந்தார். கூரைக்குச் சற்றுக் கீழே, புகைபோக்கியின் குறுக்கே செருகியிருக்கும் அந்த இரும்புத் தகடு எப்போதும் பாதியில் சிக்கிக்கொள்ளும். மர ஆலையில் அடிபட்டதிலிருந்து அவருக்கு இரண்டு கைகளும் தோளுக்கு மேல் எழும்பாது. அதனால் தகட்டை இழுப்பதும் தள்ளுவதும் கொக்கிக் கம்பால்தான். சிக்கியதும் கம்பின் முனையால் கீழிருந்து ஒரு தட்டு தட்டுவார். அன்றும் தட்டினார்.

"கிழட்டுக் கழுதை" என்றார்.

"யாரைச் சொல்றீங்க?"

"தகட்டையும் என்னையும், ரெண்டு பேரையும்தான்."

அன்று காலைதான் கணப்பின் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தேன். சட்டையில் ஒட்டும், சாய்ந்துவிடாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் பேருந்துக்கு நடந்தேன். குவோப்பியோ நகரில் என் தங்கை மகளுக்கு ஞானஸ்நானம். இருவருமாகப் போவதாகத்தான் இருந்தோம். மதியத்திலிருந்து தோள் வலி அதிகமானதால் அவர் தங்கிவிட்டார்.

மறுநாள் காலை திரும்பி வந்தபோது கதவில் விளக்குமாறு சாய்ந்திருந்தது. ஏரிப்பக்கம் போயிருப்பார் என்று நினைத்து, அதை ஒதுக்கி வைத்துவிட்டு உள்ளே போனேன். மேசையில் பால் பாத்திரம் இருந்தது. பின்னறையில் அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். கன்னங்கள் நல்ல சிவப்பாக இருந்தன. அந்தச் சிவப்பு எதனால் வருவது என்று எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும்.

தகடு முழுக்க மூடியிருந்தது. வீட்டில் சூடு தங்குவதற்காக, நெருப்பு முழுக்க அணைந்த பிறகுதான் அதை மூடுவோம். தணல் அடங்குமுன் அதை மூடினால், கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாத நச்சுக்காற்று வீட்டுக்குள் திரும்பிவிடும். வாழ்நாள் முழுக்கக் கணப்போடு இருந்த மனிதன் அதைத் தவறிச் செய்திருக்கமாட்டான் என்றார் காவலர். தவறி இல்லையென்றால் வேறு என்ன என்பதை அவர் சொல்லவில்லை. ஊர் சொன்னது, என் காதில் விழாத தூரத்தில். தோள் போனது, ஆலை வேலை போனது, மனைவி இல்லாத நாள் பார்த்து முடித்துக்கொண்டான் என்று.

ஆய்வு முடியும்வரை கணப்பை மூட்டக்கூடாது என்பது விதி. அக்டோபர் முழுவதும் கோட்டு போட்டுக்கொண்டே அந்த வீட்டில் உட்கார்ந்திருந்தேன். குளிர் பெரிதாகத் தெரியவில்லை. வேண்டுமென்றே என்னை விட்டுப் போனாரா என்ற ஒன்றைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஏரியோரம் பனிக்கட்டி பிடிக்கத் தொடங்கிய ஒரு நாளில் நகராட்சியின் தீ ஆய்வாளர் லாகுஸ் வந்தார். ஒல்லியான மனிதர், குரலை உயர்த்தவே தெரியாதவர் போலப் பேசினார். கூடவே எங்கள் பகுதியின் புகைபோக்கி துடைப்பவர் வில்யோ, கயிறும் இரும்புக் குண்டும் தூரிகையுமாக. வில்யோவுக்கு வாய் ஓயாது. வரும் வழியிலேயே மூன்று முடிவுகளுக்கு வந்திருந்தார்.

லாகுஸ் தொப்பியைக் கழற்றி, என்ன தெரியவேண்டும் என்று கேட்டார். சொன்னேன். "பாத்துருவோம்" என்றார்.

காக்கைக் கூடுதான் என்று சொல்லிக்கொண்டே வில்யோ கூரையேறினார். குண்டு தடையில்லாமல் அடிவரை இறங்கியது. கூடு இல்லை, புகைக்கரிகூட அதிகமில்லை. அடுத்து விரிசல் என்றார். ஆகஸ்டில் புகைபோக்கியின் கழுத்தில் ஒரு விரிசல் கண்டு, களிமண் சாந்தால் அடைத்தவர் அவரேதான். ஈர வைக்கோலைக் கணப்பில் கொளுத்தி, மேல்வாயைச் சாக்கால் மூடி, ஒவ்வொரு செங்கல் இணைப்பையும் மூக்கால் முகர்ந்தார். எங்கும் புகை கசியவில்லை.

"அப்பாடா, என் பூச்சு தப்பிச்சுது" என்றவர், என் முகத்தைப் பார்த்ததும் வெட்கிப்போய்த் தூரிகையைத் தட்டத் தொடங்கினார்.

லாகுஸ் அதற்குள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். தகட்டுக்கு இடப்பக்கம், என் தலைக்கும் மேலே, வெள்ளைச் சுண்ணாம்பில் ஒரு தடம் பதிந்திருந்தது. விரிந்த உள்ளங்கை. காவலர் அதை நான் பூசும்போது பட்டது என்று விட்டுவிட்டார். நான் நிமிர்ந்தே பார்த்திருக்கவில்லை. லாகுஸ் என்னை முக்காலியில் ஏற்றிக் கையை அதன்மேல் வைக்கச் சொன்னார். அந்தத் தடத்துக்குள் என் கை குழந்தையின் கைபோல இருந்தது.

"வீட்டுக்காரரோட கை அவ்வளவு உயரம் போகாது, சரிதானே?"

"சாப்பிடும்போது ஸ்பூனைத் தூக்கவே கஷ்டப்படுவார்."

"இந்தத் தகட்டை அவர் எப்படி மூடுவார்?"

கம்பையும் அந்தத் தட்டலையும் செய்து காட்டினேன். லாகுஸ் தலையசைத்தார். தட்டத் தெரிந்தவருக்குச் சுவரில் கை ஊன்ற வேண்டியதில்லை. தகட்டின் குணம் தெரியாமல் வெறுங்கையால் தள்ளியவர்தான், பாதியில் சிக்கியதும் மற்றக் கையை ஊன்றி அழுத்தியிருப்பார். அதுவும் சுண்ணாம்பு காயாத அன்றைக்கே.

வில்யோவின் கண்கள் விரிந்தன. "அப்போ கொலையா, ஐயா?"

"அவசரப்படாதேப்பா." அவர் என் பக்கம் திரும்பினார். "நீங்க திரும்பி வந்த காலைய இன்னொரு தடவை சொல்லுங்க. வாசல்ல இருந்து."

"படியேறினேன். விளக்குமாத்த ஒதுக்கி வெச்சேன். கதவத் திறந்து..."

அங்கேயே நின்றுவிட்டேன். அத்தனை நாள் அது எனக்கு உறைக்கவில்லை. எங்கள் ஊரில் யாரும் கதவைப் பூட்டுவதில்லை. வீட்டில் ஆளில்லை என்றால் வெளியே விளக்குமாற்றைச் சாய்த்துவிட்டுப் போவோம்.

"உள்ள படுத்திருந்தவர் வெளியில எப்படிச் சாத்தி வெப்பாரு?" என்று மெதுவாகக் கேட்டார் வில்யோ. முதல்முறையாக அவர் குரலில் வேடிக்கை இல்லை.

"அவரைக் கொல்ல நினைச்சவனும் வெக்கமாட்டான்" என்றார் லாகுஸ். "வீட்டுல ஆள் இருக்குன்னே தெரியாத ஒருத்தர்தான் வெச்சுட்டுப் போயிருக்கார். அந்த மேசைப் பால் யார் கொண்டுவந்தது?"

அடுத்த வீட்டு சகாரி. எங்கள் பக்கத்திலேயே உயரமான ஆள், தனிக்கட்டை, இரண்டு பசுக்கள். நாங்கள் இருவரும் போகிறோம், காலையில் வந்ததும் காபிக்குப் பால் வேண்டும் என்று முந்தைய நாள் அவரிடம் சொல்லியிருந்தேன். தாவெத்தி தங்கிவிட்டது அவருக்குத் தெரியாது.

"இப்பவும் மேசையிலதான் வெக்கிறாரா?"

"இல்ல. அடக்கம் ஆனதுலேருந்து வெளிக் கதவுகிட்ட வெச்சுட்டுப் போயிடுறார். துக்க வீடுன்னு இருக்கும்னு நினைச்சேன்."

லாகுஸ் கணப்பை மூட்டச் சொன்னார். வில்யோ பூர்ச்ச மரச் சிராய்களை அடுக்கினார். நான் காபி வைத்தேன். மாலையில் பால் பாத்திரத்தோடு வந்த சகாரியை லாகுஸ் வெளிக் கதவுவரை போய் அழைத்துவந்தார். சகாரி தொப்பியைக் கழற்றாமல் கதவோரமே நின்றார். கணப்பை அவர் பார்க்கவே இல்லை.

விறகு எரிந்து, தணல் கறுத்து அடங்குவதுபோல் ஆனபோது லாகுஸ் கணப்பின் கதவைத் திறந்து காட்டினார். மேலே சாம்பல்தான் தெரிந்தது. கம்பால் கிளறினார். அடியில் சிவப்பாக இருந்தது, அதன்மேல் நீலமாக ஒரு சிறு நாக்கு ஓடியது. மேலோட்டமாகப் பார்ப்பவர் இதை அணைந்த நெருப்பு என்றுதான் நினைப்பார் என்றார் அவர், யாரையும் பார்க்காமல். பிறகு எழுந்தார்.

"சகாரி, நீங்க உயரமா இருக்கீங்க. அந்தத் தகட்டை லேசாத் தள்ளிக் காட்டுறீங்களா? திறக்கிறதுக்கு நான் இருக்கேன்."

சகாரி பால் பாத்திரத்தைக் கீழே வைத்தார். பிறகு வந்து வலது கையைத் தூக்கினார். தகடு பாதியில் சிக்கியது. இடது கை தானாகச் சுவருக்குப் போய், அந்தத் தடத்தின்மேல் சரியாக உட்கார்ந்தது. அதைப் பார்த்துவிட்டு அவர் கையை எடுக்கவும் இல்லை, தள்ளவும் இல்லை.

"அன்னைக்கு ராத்திரி பால் வைக்க வந்தேன். ரெண்டு பேரும் அவசரத்துல தகட்டைத் திறந்துபோட்டுட்டுப் போயிட்டீங்கன்னு நினைச்சேன், வீட்டம்மா" என்றார் சுவரிடம். "சூடெல்லாம் புகைபோக்கி வழியா காக்காய்க்குப் போகுதேன்னு மூடினேன். நீங்க வந்தா வீடு கதகதப்பா இருக்கட்டும்னு."

வில்யோ சட்டென்று முக்காலியில் ஏறித் தகட்டைத் திறந்துவிட்டார்.

"பின்னறைய எட்டிப் பாக்கலையா?" என்று கேட்டேன்.

"இருட்டா இருந்துச்சு. ஆளில்லாத வீட்டுல அறையை எட்டிப் பாக்கிறது மரியாதை இல்லியே."

"ஊரு என்ன பேசிச்சுன்னு உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சும் சும்மா இருந்தீங்க."

"தெனமும் சொல்லத்தான் வந்தேன். வெளிக் கதவத் தாண்ட முடியல."

யாரும் காபியைத் தொடவில்லை. கடைசியில் லாகுஸ் என் எதிரே உட்கார்ந்தார். நான் கேட்ட கேள்வியை அவர் மறந்திருக்கவில்லை.

"அவர் தகட்டைத் திறந்தே விட்டுட்டுத்தான் தூங்கப் போயிருக்கார். எழுந்து மூடிக்கலாம்னு. வேற எதுவும் அவர் நினைக்கலம்மா."

காவலர் தன் முடிவை மாற்றிக்கொண்டார். விபத்து என்று முடிந்தது. ஊர் மீண்டும் என்னிடம் சத்தமாகப் பேசியது. சகாரியிடம் பாலை மேசையிலேயே வைக்கச் சொன்னேன். அந்தக் குளிர்காலம் முழுக்க வைத்தார். வைத்துவிட்டு உட்காராமல் போவார். ஒருநாளாவது உட்காரச் சொல்லியிருக்கலாம். எனக்கு வாய் வரவில்லை. வசந்தத்தில் பசுக்களை விற்றுவிட்டு ஸ்வீடனில் வேலைக்குப் போய்விட்டார். அவர் வீட்டுக் கதவில் விளக்குமாறு சாய்ந்தே இருந்தது. பிறகு ஒரு புயலில் அதுவும் விழுந்தது.

வில்யோ ஆண்டுக்கொருமுறை வந்து துடைத்துவிட்டுப் போகிறார். புதுத் தகடு போட்டுத் தருகிறேன், இது பழசு என்று ஒவ்வொரு முறையும் சொல்கிறார். வேண்டாம் என்கிறேன். மாலையில் கொக்கிக் கம்பை எடுத்து இழுக்கிறேன். தகடு இன்னும் பாதியில் சிக்கிக்கொள்கிறது.