இழுப்பு

கையை விட்டால் வண்டி இடது பக்கம் போனது.

சேக் இஸ்மாயில் முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பழைய வண்டி வாங்கிவிட்டு ஒரு குறையும் இருக்காது என்று நம்ப அவன் ஒன்றும் பச்சைப் பிள்ளை இல்லை. கீழமாசி வீதியில் லாந்தர் விளக்குக் கடை வைத்திருப்பவன். பழைய லாந்தருக்கு மெருகு போட்டுப் புதிது என்று விற்ற புண்ணியமும் அவன் கணக்கில் உண்டு. இரண்டே கதவுள்ள சின்னக் கார். பின்சீட்டுக்குப் போக வேண்டுமென்றால் முன்சீட்டை மடக்கி, தலையைக் குனிந்து, உடம்பைச் சுருட்டிக்கொண்டு நுழைய வேண்டும். பக்கத்துக் கடைக்காரர்கள் அதைத் தீப்பெட்டி என்று கேலி செய்தார்கள். செய்துவிட்டுப் போகட்டும் என்று இருந்தான்.

அவர்களுக்குத் தெரியாதது ஒன்று இருந்தது. முதல் பிள்ளை மாட்டு வண்டியில் பிறந்தது. மேலூரிலிருந்து மதுரை மிஷன் ஆஸ்பத்திரிக்கு வரும் வழியில், மாடுகள் அசைந்து அசைந்து நடக்க, பாதி தூரத்திலேயே பிறந்தது. முழுப் பிள்ளை. கை, கால், நகம், தலையில் கருகருவென்று முடி. மூச்சு மட்டும் இல்லை. அவன் மனைவி சபியா அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, வீடு போய்ச் சேரும்வரை யார் கையிலும் கொடுக்கவில்லை. இப்போது இரண்டாவது உண்டாகி, வழக்கப்படி தாய்வீட்டுக்கு மேலூர் போயிருக்கிறாள். இந்தத் தடவை மாட்டு வண்டி கிடையாது என்று அவன் முடிவு கட்டிவிட்டான். அதற்காகத்தான் கார்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் சபியாவைப் பார்க்க மேலூருக்கு வண்டியை எடுப்பான். ஒத்தக்கடை தாண்டும்வரை ஸ்டீரிங் லேசாகத்தான் இடது பக்கம் சாயும். வெள்ளரிப்பட்டி தாண்டிக் கண்மாய்க் கரையை ஒட்டி ரோடு திரும்பும் இடத்தில் அது பலமாக இழுக்கும். யாரோ எதிர்ப்பக்கத்திலிருந்து ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்ட மாதிரி இருக்கும். இரண்டு கையாலும் பிடித்து, தோளைக் கொடுத்து நேராக்க வேண்டும். அந்த இடத்தில் கரைச் சரிவில் ஒரு புல்லுக்கட்டு கிடந்தது. முதல் தடவை பார்த்தபோது பாதி பச்சையாக இருந்தது. அப்புறம் காய்ந்து பழுப்பாகிவிட்டது. அறுத்துக் கட்டிய புல்லை யாரும் இப்படிப் போட்டுவிட்டுப் போக மாட்டார்களே என்று ஒரு தடவை தோன்றியது. அதற்குள் வண்டி கரையில் இறங்கப் பார்த்ததால் அந்த நினைப்பு போய்விட்டது.

திரும்பி வரும்போதுதான் அவன் கவனித்தான். வரும்போது வண்டி வலது பக்கம் இழுத்தது.

ஆரப்பாளையத்தில் பால்பாண்டியின் ஷெட்டில்தான் வண்டியை நிறுத்தி வைப்பது. பால்பாண்டி வாயாடி, ரிப்பேர் செய்கிறானோ இல்லையோ, பேச்சு நிற்காது. அவன் அடியில் படுத்துத் தட்டிப் பார்த்தான், டயர்களை மாற்றிப் போட்டான், ஸ்டீரிங் தண்டைக் கழற்றி மாட்டினான்.

"பாய், காத்துக் கம்மியா இருந்தாலும் சரி, அச்சு வளைஞ்சிருந்தாலும் சரி, ஒரே பக்கந்தான் இழுக்கும். போறப்ப இடது, வாரப்ப வலதுன்னா எப்படி?" என்றான். அப்புறம் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே நின்றான். "ரெண்டும் ஒரே திக்குல்ல, பாய்?"

இஸ்மாயில் சிரித்தான். பால்பாண்டி சிரிக்கவில்லை. வைகையைப் பார்த்து நேராக நிறுத்திய வண்டி அது. காலையில் வந்து பார்த்தால் முன்சக்கரம் இரண்டும் கிழக்கே, மேலூர்ப் பக்கம் ஒடிந்து நிற்கிறது என்றான். ஒருநாள் இரண்டுநாள் இல்லை, தினமும். ஷெட்டுச் சாவி அவன் இடுப்பில்தான் இருக்கிறது.

"வித்தவரையே கேட்டுப் பாருங்க பாய். எனக்குத் தெரிஞ்ச வேலையெல்லாம் பாத்துட்டேன்."

வண்டியை விற்றவர் கப்பலூர்க்காரர், ரோட்டு ஓவர்சியராக இருந்த மலையாண்டி. தரகர் மூலம் வாங்கியதால் இஸ்மாயில் அவரை நேரில் பார்த்ததில்லை. போனபோது அவர் படுக்கையில் கிடந்தார். அறையில் கஷாய வாடை. சன்னல் சாத்தியிருந்தது. ரோட்டில் ஒரு வண்டிச் சத்தம் கேட்டதும் அவர் கால்விரல்கள் போர்வைக்குள் சுருண்டன.

"அண்ணே, உங்க வண்டியை வாங்குனவன் நான். மேலூர் ரோட்டுல ஒரு தொந்தரவு. அந்தக் கண்மாய்க்கிட்டப் போனா..."

அவர் தலையைத் திருப்பினார். கண்கள் மட்டும் பெரிதாகத் தெரிந்தன.

"இழுத்துக்கிட்டுத்தான் கெடக்கா" என்றார்.

"ஆமாண்ணே. இழுத்துக்கிட்டுத்தான் கெடக்கு. எம்புட்டோ வேலை பாத்தாச்சு, நிக்க மாட்டேங்குது."

மலையாண்டியின் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. "திருப்பிக்கிட்டு வாரேன்னு சொன்னேன். திருப்பலை."

வண்டியைத் தரகரிடம் திருப்பிக் கொடுக்க நினைத்திருப்பார், முடியாமல் போயிருக்கும் என்று இஸ்மாயில் எடுத்துக்கொண்டான். ஒரு வண்டிக்காக இம்புட்டு அழுகிறாரே, நல்ல மனுஷர் என்றுகூட நினைத்தான். அவர் மனைவி தங்கப்பொண்ணு அவனை வாசல்வரை அவசர அவசரமாகக் கூட்டிவந்து, "காய்ச்சல்ல உளறுறாரு, போயிட்டு வாங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள். உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

மறு வாரமே மேலூரிலிருந்து பஸ் டிரைவர் சேதி கொண்டுவந்தார். சபியாவுக்கு வலி எடுத்துவிட்டது. நாள் இன்னும் இருக்கிறதே என்று யோசிக்கக்கூட அவன் நிற்கவில்லை. கடையைப் பாதி சாத்தியும் சாத்தாமலும் ஓடினான். போகும்போது கண்மாய்த் திருப்பத்தில் இடது சக்கரங்கள் சரளையில் இறங்கி ஓடின. பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்டீரிங்கை வளைத்து ரோட்டுக்குக் கொண்டுவந்தான். மணிக்கட்டு விண்விண்ணென்று தெறித்தது.

சபியாவைப் பின்சீட்டில் முழங்காலை மடக்கிப் படுக்க வைத்தார்கள். அவளுக்கே இடம் போதவில்லை. அவள் தாயார் அமீருன்னிசா முன்சீட்டில் ஏறி, மடியில் துணி மூட்டையும் கையில் ஓதி உருட்டும் தஸ்பீஹ் மணியுமாக உட்கார்ந்தார். எல்லாம் எடுத்து வைத்துக் கிளம்புவதற்குள் வெயில் சாய்ந்துவிட்டது.

"மாப்ள, மெதுவாப் போங்க. குலுங்காம."

"மெதுவாப் போனதுக்குத்தான் மாமி, போன தடவை..." என்று தொடங்கிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். பின்னால் சபியா முனகினாள். யா அல்லாஹ், இதையாவது காப்பாற்றிக் கொடு என்று மனசுக்குள் கெஞ்சிக்கொண்டே ஓட்டினான்.

யானைமலைக்கு மேலே சூரியன் சிவந்து நின்றது. முன்கண்ணாடி வழியாக வந்த அந்தச் சிவப்பு வெளிச்சம் வண்டியின் உள்ளே பின்சீட்டுவரை நிறைந்திருந்தது. வயல்களில் ஆள் இல்லை. கண்மாய்க் கரையிலிருந்து சேற்று வாடையும் அழுகிய பாசியின் வாடையும் காற்றில் வர, நாணல்கள் ஒன்றோடொன்று உரசும் சத்தம் எஞ்சின் சத்தத்தையும் மீறிக் கேட்க, அவன் திருப்பத்துக்கு வெகு முன்பே ஸ்டீரிங்கை இறுக்கிப் பிடித்து இடது பக்கம் வளைத்து வைத்துக்கொண்டான்.

வண்டி அதை மதிக்கவே இல்லை. ரோட்டைக் குறுக்கே கடந்து வலது பக்கக் கரையை நோக்கிப் போனது. பிரேக்கை மிதித்தான். சரளை தெறித்தது. புல்லுக்கட்டின் முன்னால் சக்கரம் நின்றது. எஞ்சின் அணைந்தது.

"ஒண்ணுமில்ல மாமி. ஹேண்டில் போட்டா எடுத்துக்கும்."

ஹேண்டிலை எடுத்துக்கொண்டு இறங்கினான். கதவைச் சாத்தவில்லை. முன்னால் வந்து குனிந்தபோதுதான் கேட்டது.

சரிவின் கீழே, நாணலுக்குள். ஒரு மூச்சு. நீளமாக உள்ளே போனது. நடுவில் எதிலோ சிக்கியது. சிக்கியதை இழுத்து எடுத்துக்கொண்டு, கரகரவென்று வெளியே வந்தது. அப்புறம் ஒன்றுமில்லை. முடிந்துவிட்டது என்று நினைக்கும் நேரத்தில் மறுபடியும் உள்ளே போனது.

இந்தச் சத்தம் அவனுக்குத் தெரியும். அவனைப் பெற்ற அத்தா கடைசியாகக் கட்டிலில் கிடந்தபோது வீடு முழுக்க இந்தச் சத்தம்தான் இருந்தது. விசாரிக்க வந்தவர்கள் வாசலில் நின்று, எப்படி இருக்கார் என்று கேட்பார்கள். வீட்டார் சொல்வார்கள்: இழுத்துக்கிட்டுத்தான் கெடக்காரு.

இழுத்துக்கிட்டுத்தான் கெடக்கா.

வண்டி இன்னும் இழுக்கிறதா என்று மலையாண்டி கேட்டதாக அவன் நினைத்தான். அவர் கேட்கவில்லை. சொன்னார். புல்லுக்கட்டோடு வந்தவள் இன்னும் இழுத்துக்கொண்டுதான் கிடக்கிறாள் என்று சொன்னார். இந்த வண்டியால் அடித்துப் போட்டுவிட்டு, வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து ஏற்றிக்கொள்கிறேன் என்று அவளிடம் சொல்லிவிட்டுப் போனார். திருப்பவில்லை. அவள் காத்துக்கொண்டு கிடந்தாள். புல் காய்ந்த பிறகும்.

ஹேண்டிலை மாட்டினான். ஹேண்டில் வழுக்கியது. சுற்றினான். பிடிக்கவில்லை. மறுபடி சுற்றினான்.

கீழே மூச்சு நின்றது.

நாணல்கூட அசையவில்லை. அவன் கரையைப் பார்க்காமல், தரையையே பார்த்துக்கொண்டு சுற்றினான். வண்டியின் பின்பாகம் லேசாக அமுங்கியது. ஸ்பிரிங் கிறீச்சிட்டது. சபியா புரண்டு படுக்கிறாள் என்று நினைத்தான். எஞ்சின் பிடித்துக்கொண்டது. "அல்ஹம்துலில்லாஹ்" என்று சத்தமாகவே சொல்லிவிட்டான்.

ஏற வந்தால் அவனுடைய சீட்டு முன்பக்கம் மடங்கிக் கிடந்தது. மாமி கண்ணை மூடி மணி உருட்டிக்கொண்டிருந்தார்; சபியாவுக்குத் தண்ணீர் கொடுக்க அவர்தான் மடக்கியிருப்பார். நிமிர்த்திப் போட்டு உட்கார்ந்தான். சீட்டின் முதுகில் ஈரம் பட்டது.

வண்டியைப் பின்னால் எடுத்து ரோட்டில் ஏற்றினான். தோளைக் கொடுத்து இழுக்கத் தயாராக இருந்தான். தேவைப்படவில்லை. ஒரு விரலால் தொட்டாலே ஸ்டீரிங் திரும்பியது. கையை விட்டுப் பார்த்தான். வண்டி நூல் பிடித்தாற்போல மதுரையைப் பார்த்து ஓடியது.

அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. நின்றுவிட்டது. இழுப்பு நின்றுவிட்டது. இன்னும் கொஞ்ச நேரத்தில் ஆஸ்பத்திரி, வெள்ளைக்கார டாக்டரம்மா, வெந்நீர், சுத்தமான கட்டில். இந்தத் தடவை எல்லாம் நல்லபடியாக நடக்கும்.

ஒத்தக்கடை நெருங்கும்போது வண்டிக்குள் பச்சைப் புல் வாடை அடித்தது. அப்போதுதான் அறுத்த புல்.

"அம்மா" என்றாள் சபியா, பின்னாலிருந்து. "வயித்துல இருந்து கையை எடும்மா. சில்லுன்னு இருக்கு."

அமீருன்னிசா தன் கைகளைப் பார்த்தார். ஒன்றில் தஸ்பீஹ் மணி. மற்றது மூட்டையைப் பிடித்திருந்தது. இரண்டும் மடியில்தான் இருந்தன.

மணி உருளுவது நின்றது.

"மாப்ள" என்றார். "நிறுத்தாதீக. திரும்பிப் பாக்காதீக. போங்க."

அவன் திரும்பவில்லை. ஆனால் முன்னால் சின்னக் கண்ணாடி இருந்தது. அதில் சிவப்பு வெளிச்சம் இருந்தது. சபியாவின் புடைத்த வயிறு. அதன்மேல் ஒரு கை. காய்ந்த சேறு. நகக்கண்ணில் பச்சை. அது தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தது. மெதுவாக. அவசரமே இல்லாமல்.

மூச்சு. நீளமாக உள்ளே. நடுவில் சிக்கி. கரகரவென்று வெளியே. அவன் பிடரிக்குப் பின்னால்.

கை வயிற்றிலிருந்து கீழே இறங்கியது.

சபியா அலறினாள். அமீருன்னிசா கண்ணை மூடிக்கொண்டு ஓதினார். வண்டி நேராகப் போனது. அவன் ஸ்டீரிங்கைப் பிடிக்கவே இல்லை.

அலறல் ஓய்ந்தது. பிடரிக்குப் பின்னால் அந்த மூச்சு ஒருமுறை உள்ளே போனது. வெளியே வரவில்லை. காத்திருந்தான். வரவேயில்லை.

"பொறந்துருச்சுங்க" என்றாள் சபியா. அழுகையும் சிரிப்புமாக இருந்தாள். "ஏங்க, பொறந்துருச்சு. இதுக்கு மூச்சு இருக்குங்க. கேக்குதா?"

அவனுக்குக் கேட்டது. பிள்ளை அழவில்லை. அந்தச் சின்ன மூச்சு நீளமாக உள்ளே போனது. நடுவில் எதிலோ சிக்கியது. சிக்கியதை இழுத்து எடுத்துக்கொண்டு, கரகரவென்று வெளியே வந்தது.