பீங்கான் குழாய்

அன்று காலை அந்த வீட்டில் இருந்தவர்கள் நான்கே பேர். வீட்டுக்காரர் விருத்தகிரி, அவர் மனைவி காசியம்மாள், காசியம்மாளின் தம்பி பாவாடை, பாவாடையின் மனைவி கனகா. ஐந்தாவதாக ஒருவரும் இல்லை.

2006ஆம் வருஷத்து ஆவணி. பாவாடையும் கனகாவும் நல்லூரிலிருந்து எட்டு மணி பஸ்ஸில் விருத்தாசலம் வந்து இறங்கினார்கள். வாசலில் விருத்தகிரியின் பழைய வெள்ளைக் கார் நின்றது. வளைவில் திருப்பினால் போதும், முன்சக்கரத்தில் கடக் கடக் என்று சத்தம். எஞ்சினின் சுற்றைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் ஆக்சில் தேய்ந்துவிட்டிருந்தது. ஒர்க்‌ஷாப்பில் விட்டால் நாலு பேர் ஓட்டை வண்டி என்பார்கள். அந்தப் பேச்சு அவருக்கு ஆகாது. புது ஆக்சிலை வாங்கி வந்து, மாற்றும் முறையை ஒரு தாளில் எழுதி வைத்திருந்தார்.

மாமனுக்கும் மச்சானுக்கும் இந்த வேலை முதல் தடவை.

"நீங்க ஸ்பேனர் புடிக்கிறதப் பாத்தா வண்டியே எறங்கி ஓடிடும் போலருக்குது மாமா."

"வாய மூடிக்கிட்டு நட்டக் கழட்டுடா."

சக்கரம் கழன்றது. கார் ஜாக்கியின் மேல் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பாவாடை வேறு முட்டு கேட்டான். கொல்லையில் சாக்கடைக்குப் போடும் தடித்த பீங்கான் குழாய் ஒன்று கிடந்தது. விருத்தகிரி அதை உருட்டி வந்து நிமிர்த்தினார்.

பீங்கான் ஆலையில் முப்பது வருஷம் சரக்குச் சோதித்தவர் அவர். சூளையிலிருந்து வரும் ஒவ்வொன்றையும் விரல் முட்டியால் தட்டுவார். நல்லது ணங் என்று பாடும். விரிசல் விழுந்தது டொக் என்று செத்த சத்தம் போடும். கைப் பழக்கத்தில் தட்டினார்.

டொக்.

"சத்தம் எப்படி மாமா?" என்றான் பாவாடை. பிறகு சிரித்துக்கொண்டே, "ஒங்க வூட்லதான் விரிசல் சாமானே கெடையாதே" என்றான்.

அந்தச் சிரிப்பில்தான் அவர் நாக்கு மடங்கியது.

"நல்லாத்தான் இருக்குது. உள்ள போ."

காரைக் குழாயின்மேல் இறக்கி ஜாக்கியை எடுத்தார்கள். பாவாடை ஊர்ந்து அடியில் போனான். நெம்பியதில் பழைய ஆக்சில் தண்டு வெளியே வந்தது. புதியதை உள்ளே தள்ளும் முனகல் கேட்டது.

"மாட்டிக்கிச்சு மாமா!"

குழாய் உடைந்தது.

ஜாக்கி வைத்துத் தூக்கி அவனை வெளியே இழுத்தபோது மூச்சு இல்லை. அடுப்படியிலிருந்து பெண்கள் ஓடி வருவதற்குள் விருத்தகிரி ஒரு காரியம் செய்தார். சில்லுகளைக் காலால் சாக்கடைக்குள் தள்ளினார்.

"ஜாக்கி வழுக்கிடுச்சு" என்றார். வந்தவர்களிடமெல்லாம் அதையே சொன்னார். அவன் காலையிலேயே குடித்திருப்பான் என்று யாரோ முணுமுணுத்தார்கள். அவர் இல்லை என்று சொல்லவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் கரண்ட் போனது. மின்விசிறி மெல்லச் சுற்றி நின்றது. வீடு முழுக்க கியர் ஆயில் நாற்றம். துடைக்கத் துடைக்க அது போகவில்லை. வாசலில், காருக்கு அடியிலிருந்து அந்தச் சத்தம் வந்தது.

டொக்.

பிறகு ஓர் இடைவெளி. கேள்வி கேட்டவன் பதிலுக்காக விடும் இடைவெளி.

டொக்.

குனிந்து பார்த்தார். எண்ணெய்க் கறையைத் தவிர ஒன்றுமில்லை. நிமிர்ந்தபோது சத்தம் வீட்டுக்குள் போயிருந்தது.

"ஏங்க, ஊறுகா ஜாடியத் தட்டுறது நீங்களா?" அடுப்படியிலிருந்து காசியம்மாள் கேட்டாள்.

அவர் போய் ஜாடியைத் தட்டினார். ணங். குறையில்லாத ஜாடி. கையை எடுத்தார்.

டொக்.

காதருகே ஈரமான மூச்சு.

"சத்தம் எப்படி மாமா?"

"நல்லாத்தான்..." என்று அவர் உதடு தானாக அசைந்தது.

ஜாடி மேலிருந்து கீழ்வரை பிளந்தது.

பதினாறாம் நாள் காரியம் நல்லூரில் நடந்தது. பந்தியில் ஒரு பங்காளி சத்தமாகவே சொன்னார்: "ஊத்திக்கிட்டு அடியில போய்ப் படுத்தா வண்டி என்னாங்க பண்ணும்?"

கனகா கையில் பீங்கான் டீ கப்போடு விருத்தகிரியின் முன்னால் வந்து நின்றாள்.

"அண்ணே, கூட இருந்தவரு நீங்கதான். அவரு குடிச்சிருந்தாரா? சொல்லுங்க."

அவள் விரல் அசையவில்லை. கப்பு டொக் என்றது.

பந்தி முழுக்க அவரைப் பார்த்தது. அறுபத்திரண்டு வயதுவரை ஒருவர் முன்னும் வளையாத முதுகு வளைந்தது.

"விரிசல்" என்றார். "ஜாக்கி வழுக்கலம்மா. பீங்கான் கொழாய முட்டு குடுத்தோம். அதுல விரிசல். தட்டினப்பவே எனக்குத் தெரியும். அவன் நீ குடுத்த மோரத் தவிர ஒண்ணும் குடிக்கல."

கனகா கப்பைத் தரையில் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போனாள். காசியம்மாள்தான் பேசினாள்.

"எந்தம்பி கேட்டான் இல்ல? ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

கார் இன்னும் அதே வாசலில், செங்கல் அடுக்கின் மேல் நிற்கிறது. காசியம்மாள் வீட்டுப் பீங்கானையெல்லாம் எடுத்துப் போட்டுவிட்டு எவர்சில்வரில் புழங்குகிறாள். விருத்தகிரி உண்மையை ஒப்புக்கொண்ட அன்றோடு அந்த வீட்டில் தட்டும் சத்தம் நின்றுவிட்டது என்று விருத்தாசலத்தில் சொல்லிக்கொள்கிறார்கள்.

நிற்கவில்லை.