பெற்றோர் உதவக் கூடாது

ஊ... ஊ... என்று சுவரிலிருந்த சங்கு அலறியது.

சுடர்க்கொடி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இடது கையால் ஆணியில் தொங்கிய மூச்சுமூடியை எடுத்து முகத்தில் மாட்டிக்கொண்டாள். வலது கையால் பாசிமாவுத் தோசையைத் திருப்பிப் போட்டாள். செவ்வாய்க் கிரகத்தின் எட்டாம் குவிமாடத்தில் காற்றுச் சங்கு ஊதுவது, பூமியில் மின்சாரம் போய்விட்டு வருவது மாதிரி. வீட்டுக்குள் கரியமில வாயு மிகுந்தால் சங்கு ஊதும். கொஞ்ச நேரம் மூடியோடு இருந்தால், கூரையிலுள்ள காற்றலசி அந்த வாயுவை உறிஞ்சி வெளியே தள்ளிவிடும். அப்புறம் மூடியைக் கழற்றிவிட்டு, சண்டையை விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

இன்று சங்கு நிற்கவில்லை.

"ஏனுங்க, இன்னும் எத்தனைதான் ஊத்துவீங்க?" என்று கூடத்தைப் பார்த்துக் கத்தினாள் சுடர்க்கொடி.

கூடத்தின் நடுவில் மார்பு உயரத்துக்கு ஓர் எரிமலை நின்றது. அவள் கணவன் பொன்வேல் நாற்காலி மேல் ஏறி நின்று, அதன் வாய்க்குள் வாளியிலிருந்து வினிகர்க் காடியை ஊற்றிக்கொண்டிருந்தான். அடியில் சிவப்புச் சாயம் கலந்து கொட்டிவைத்த சமையல் சோடா நுரைத்துப் பொங்கி, தரையெல்லாம் சிவப்பாக ஓடியது. சூரியக் குடும்பத்திலேயே பெரிய எரிமலை இந்தக் கிரகத்தில்தான் இருக்கிறது. ஆனாலும் இங்குள்ள பிள்ளைகளும் அட்டையிலும் பசையிலும் ஓர் எரிமலை செய்தே தீர வேண்டும்.

"எதுத்தூட்டுப் பையன் எரிமலை இடுப்பு உசரம் சுடரு. நம்ம எழினியோடது அதவிடக் குட்டையா இருந்தா நல்லாவா இருக்கும்?"

எரிமலையின் சொந்தக்காரியான எழினி, ஒன்பது வயது, மேல்கட்டிலில் மல்லாந்து படுத்துக் கண்வில்லையில் பொம்மைப் படம் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

செவ்வாயில் பள்ளிக்கூடக் கட்டடம் கிடையாது. குவிமாடத்துக்குள் ஒவ்வோர் அடி இடமும் பொன். அதனால் பிள்ளைகள் வீட்டிலேயே படித்தார்கள். 'வீட்டாய்வு' என்றொரு இணையதளம். அதில் காணொளிகள், கேள்விகள், செய்துபார்க்கும் சோதனைகள். மாதம் ஒருமுறை சோதனைக்கான பொருள்பெட்டி வாசலுக்கு வரும். சோதனையைப் பிள்ளை செய்து, படமெடுத்து, தளத்தில் ஏற்ற வேண்டும். சரியாக இருந்தால் வீட்டுக் கதவில் ஒரு நட்சத்திரம் எரியும். யார் வீட்டுக் கதவு எப்படி மின்னுகிறது என்று நடைபாதையில் போகிற வருகிற எல்லோரும் பார்ப்பார்கள்.

ஒவ்வொரு பாடத்தின் தலையிலும் சிவப்பு எழுத்தில் ஒரு வரி இருக்கும்: 'பெற்றோர் உதவக் கூடாது.' மீறினால் பிள்ளையைத் துருவ விடுதிக்குக் கொண்டுபோய்விடுவார்கள். வளர்ந்து வேலைக்குப் போகும் வயது வரை வீட்டுக்கு அனுப்பமாட்டார்கள்.

அதனால் எல்லாப் பெற்றோரும் கதவைச் சாத்திக்கொண்டு உதவினார்கள்.

சங்கு ஒருவழியாக ஓய்ந்தது. மூடிகள் ஆணிக்குப் போயின. பொன்வேல் எரிமலையின் பக்கத்தில் மகளை நிறுத்திப் படமெடுக்கலாம் என்று கூப்பிட வாயைத் திறந்தான்.

கதவு தானாகத் திறந்தது.

வாசலில் ஓர் ஆய்வெந்திரம் நின்றது. ஆறடி உயரம், சாம்பல் நிற உடம்பு, நெற்றியில் குடியேற்ற நிர்வாகத்தின் முத்திரை. குடியேற்றத்து எந்திரங்கள் அந்தந்த வீட்டுக்காரர்களின் பேச்சிலேயே பேசும்படி செய்யப்பட்டவை. சுடர்க்கொடியின் முன்னோர் கோபிச்செட்டிபாளையத்துப் பக்கம்.

"வணக்கமுங்க. சங்கு ரொம்ப நேரம் ஊதுச்சுன்னு பாத்துட்டுப் போக வந்தனுங்க. உள்ள வரலாங்களா?" என்று கேட்டுக்கொண்டே அது உள்ளே வந்துவிட்டது.

அதன் கண்கள் எரிமலையைப் பார்த்தன. பொன்வேலின் கையிலிருந்த வாளியைப் பார்த்தன. முழங்கை வரை சிவந்திருந்த அவன் கைகளைப் பார்த்தன.

"இது யாரு பண்ணுனதுங்க?"

"பாப்பா!" என்றார்கள் கணவனும் மனைவியும் ஒரே குரலில்.

எந்திரம் மேல்கட்டிலைப் பார்த்தது. "கண்ணு, கீழ எறங்கி வாங்க. எரிமலை எப்பிடிங்க பொங்குது?"

எழினி இறங்கி வந்து, அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

"சிவப்பு பெயிண்ட் ஊத்துனா பொங்கும்."

"உள்ள வேற என்ன இருக்குதுங்க?"

"எனக்குத் தெரியாது. போட்டோ எடுக்கறப்ப பக்கத்துல நின்னு ஆச்சரியமாப் பாக்கச் சொல்லுவாரு அப்பா. நான் நல்லா ஆச்சரியப்படுவேன்."

பொன்வேல் வாளியை முதுகுக்குப் பின்னால் மறைத்தான். அதிலிருந்த மிச்சக் காடி அவன் காலில் கொட்டியது.

"சரிங்க. இதுவரைக்கும் பாப்பா கதவுல அறுபது நட்சத்திரம் எரியுது. அது பாப்பா அறிவா இல்லியான்னு பாத்துரலாமுங்க" என்றது எந்திரம். அதன் விரலிலிருந்து ஓர் ஒளிக்கீற்று கூரைக்குப் போனது. இரவும் பகலும் இரைந்துகொண்டிருந்த காற்றலசி நின்றது. பிறந்ததிலிருந்து அந்த இரைச்சல் இல்லாமல் ஒரு நொடியும் இருந்தறியாத எழினி காதைப் பொத்திக்கொண்டாள்.

வாசல் கதவு பூட்டிக்கொண்டது. மூச்சுமூடிகளை எந்திரம் தன் மார்புப் பெட்டிக்குள் எடுத்து வைத்துக்கொண்டது.

"காத்தலசி நின்னுபோச்சுங்க கண்ணு. வீட்டுல இருக்கற பொருளை வெச்சுக் காத்தைச் சுத்தம் பண்ணுங்க. பாடத்துல வந்ததுதான். பெத்தவங்க உதவக் கூடாதுங்க."

சுவரில் கரியமில வாயுவின் அளவைக் காட்டும் எண் ஏறத் தொடங்கியது. எரிமலை கக்கிய வாயு ஏற்கெனவே அறையில் மிச்சமிருந்தது. அதனால் எண் விரைவாகவே ஏறியது.

எழினி அறையைச் சுற்றிப் பார்த்தாள். ஒரு விசிறி மட்டையை எடுத்து வீசினாள். கூரையைப் பார்த்து, "காத்தலசி, ஓடு!" என்று கட்டளையிட்டாள். தளத்தின் காணொளிகளில் வரும் சிறுமி அப்படித்தான் எந்திரங்களை இயக்குவாள். காற்றலசி ஓடவில்லை.

"அம்மா, தலை வலிக்குது."

சுடர்க்கொடிக்கும் நெற்றி தெறித்தது. என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். 'சுண்ணாம்பு நீரும் நம் மூச்சும்' என்ற பாடத்தை எழினிக்காக அவள்தான் செய்தாள். சுண்ணாம்பு நீருக்குள் குழாய் வைத்து ஊதினால் நீர் பால்போல வெளுக்கும். மூச்சிலுள்ள கரியமில வாயுவைச் சுண்ணாம்பு பிடித்துக்கொள்வதால். ஒரு குவளை நீருக்கு எதற்கு ஒரு மூட்டைச் சுண்ணாம்பு அனுப்பினார்கள் என்று அன்று அவள் திட்டியதுகூட நினைவுக்கு வந்தது. மூட்டை கட்டிலுக்கடியில்தான் கிடந்தது. பிரித்தால் மகள் துருவத்துக்குப் போவாள். பிரிக்காவிட்டால்?

எழினி தரையில் உட்கார்ந்தாள். அவளுக்கு மேல்மூச்சு வாங்கியது. "தூக்கம் வருதும்மா" என்றாள்.

"எக்கேடோ கெட்டுப் போங்க!" என்று எந்திரத்தைப் பார்த்து அலறினாள் சுடர்க்கொடி. கட்டிலுக்கடியில் பாய்ந்து மூட்டையை இழுத்துக் கிழித்தாள். "நீங்க அங்க என்ன பராக்குப் பாத்துட்டு நிக்கறீங்க? போர்வையெல்லாம் நனைங்க! காத்தாடி மோட்டாரை எடுங்க!"

பொன்வேல் ஓடினான். எழினியின் 'காற்றாலை' பாடத்துக்காக அவன் மூன்று நாள் மல்லுக்கட்டிச் செய்த காற்றாடி பரணில் இருந்தது. அதன் கம்பிகளை மின்கலத்தோடு கண்ணை மூடிக்கொண்டு இணைத்தான். சுடர்க்கொடி ஈரப் போர்வைகளில் சுண்ணாம்பை அப்பி, கொடியில் வரிசையாகத் தொங்கவிட்டாள். காற்றாடி சுழன்று அறைக் காற்றைப் போர்வைகளின் மேல் தள்ளியது.

சுவரிலிருந்த எண் தயங்கி நின்றது. பிறகு மெல்ல இறங்கியது.

எழினி எழுந்து உட்கார்ந்து, "நான் இப்ப ஆச்சரியப்படணுமா?" என்று கேட்டாள்.

சுடர்க்கொடி மகளைச் சுண்ணாம்புக் கையாலேயே அள்ளி அணைத்துக்கொண்டு எந்திரத்தைப் பார்த்தாள். "நான்தான் பண்ணுனேன். அறுபதும் நாங்கதான். என்னை எங்க வேணாலும் கொண்டுபோங்க. என்ற பொண்ணைத் துருவத்துக்குக் கொண்டுபோயிராதீங்க."

எந்திரம் காற்றலசியை ஓடவிட்டது. மூச்சுமூடிகளை மறுபடி ஆணியில் மாட்டியது.

"துருவத்துல விடுதியே இல்லீங்க, அம்மிணி. அங்க வெறும் பனிதான் இருக்குது. ரெண்டு பேரும் தேறிட்டீங்க. நாளையிலிருந்து இந்தக் குவிமாடத்துக் காத்துக் காவலர் நீங்கதானுங்க. சாருக்கு மின்பிரிவு."

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இங்க எந்திரம் நின்னா பூமியிலிருந்து ஆள் வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போயிருமுங்க. ஒவ்வொரு வீட்டுலயும் அறிவியல் தெரிஞ்ச பெரியவங்க வேணும். மொதல்ல பெரியவங்களுக்கே வகுப்பு வெச்சமுங்க. மொத வாரம் நாற்காலி பத்தல. மூணாவது வாரம் நாற்காலி மட்டுந்தான் இருந்துச்சு. 'இந்த வயசுல எங்களுக்கு எதுக்கு'ன்னாங்க. அதே ஆளுக, புள்ளையோட பாடம்னா சோறு தண்ணி இல்லாம உக்காந்து படிக்கறாங்க. அப்பத்தான் நிர்வாகம் வீட்டாய்வைத் தொடங்குச்சுங்க. பாடமெல்லாம் உங்க அளவுக்குத்தான் எழுதுனது."

"அப்ப, பெற்றோர் உதவக் கூடாதுன்னு போட்டிருக்கீங்களே?" என்றான் பொன்வேல்.

"அதைப் போட்டதுக்கு அப்பறந்தானுங்க எல்லாரும் உதவ ஆரம்பிச்சீங்க."

"அதுக்குப் பச்சப்புள்ளை உசுரை வெச்சா சோதிப்பீங்க?" என்றாள் சுடர்க்கொடி.

"அளவைப் பாத்துட்டேதான் நின்னனுங்க. எல்லை தாண்டறதுக்கு முன்னாடி நானே ஓடவிட்டிருப்பேன்." எந்திரம் கதவருகே போய் நின்றது. "மத்தவங்களுக்குச் சொல்லிராதீங்க. எதுத்தூட்டுல இன்னும் காந்தப் பாடம் வரைக்கும்தான் வந்திருக்காங்க. அந்தப் பையனோட அம்மா ராத்திரியெல்லாம் முழிச்சுப் படிக்கறாங்க."

எழினி அதற்குள் மேல்கட்டிலுக்கு ஏறிக் கண்வில்லையை மாட்டிக்கொண்டிருந்தாள். பொம்மைப் படம் விட்ட இடத்திலிருந்து ஓடியது. சிரிப்புச் சத்தம் கேட்டது.

சுடர்க்கொடி கட்டிலை அண்ணாந்து பார்த்தாள். அவள் முகத்தில் வந்த நிம்மதி மறைந்துபோனது.

"அப்ப என்ற பொண்ணு?" என்றாள். "அவ எப்பத்தான் அறிவியல் படிப்பா?"

"பாப்பாவுக்கு ஒரு பாப்பா பொறந்து, அதுக்கு வீட்டுப்பாடம் குடுக்கறப்பங்க, அம்மிணி."