இது போஸ் பெஞ்சு, உட்காருங்கள்

பள்ளி அறிவியல் கண்காட்சி அன்று காலை பலகையைப் பார்த்ததும் தோர்ஷா அழுதேவிட்டாள்.

"போசோன்" என்று எழுதச் சொல்லியிருந்தோம். எங்கள் தெருவில் கடைப் பலகை எழுதும் நிதாய் மாமா "போசுன்" என்று எழுதிக் கொண்டுவந்திருந்தார். எங்கள் வங்காளப் பேச்சில் அதற்கு "உட்காருங்கள்" என்று பொருள்.

"எழுத்துப் பிழையா இருந்துச்சும்மா. நானே திருத்திட்டேன்," என்று பெருமையாகச் சொல்லிவிட்டு அவர் டீ குடிக்கப் போய்விட்டார். அவரை என்ன சொல்வது?

நானும் தோர்ஷாவும் ஆறாம் வகுப்பு. எங்கள் பள்ளி வட கொல்கத்தாவில், டிராம் போகும் சாலையில் இருக்கிறது. மற்றவர்கள் எல்லாம் எரிமலை, ராக்கெட் என்று செய்ய, தோர்ஷா மட்டும் சத்யேந்திரநாத் போஸை எடுத்தாள்.

"இதே ஊர்ல பொறந்தவருடி. நம்ம ஊர்க்காரங்களுக்கே தெரியல," என்று அவளுக்கு ஒரே ஆதங்கம்.

எங்களிடம் இருந்தது போஸின் படம் ஒன்று, பெஞ்சு ஒன்று. அவ்வளவுதான். "மத்தியானத்துக்குள்ள யாரும் பார்க்க வரலேன்னா இந்த இடத்தை எரிமலைக்குக் குடுத்துடுவேன்," என்று தலைமையாசிரியை பெரியக்கா சொல்லியிருந்தார். எரிமலைக்கார அர்க்யோ எங்கள் இடத்தை இப்போதே முழம் போட்டு அளந்துகொண்டிருந்தான். கொழுப்பு!

குடையோடு வந்த ஒருவர் படத்தை உற்றுப் பார்த்தார். "நேதாஜிக்கு இவ்வளவு முடி ஏது?"

"இவரு நேதாஜி இல்லீங்க. வேற போஸ்."

"ஓ, செடிக்கு உயிர் இருக்குன்னு காட்டினவரா?"

"அவரு இவருக்கு வாத்தியாரு. இவரு வேற போஸ்."

"எத்தனை போஸ்தான் வெச்சிருக்கீங்க?" என்று சலித்துக்கொண்டு அவர் நகர்ந்தார். தோர்ஷாவின் முகம் சுருங்கிப்போனது.

அடுத்து மீன் பையோடு ஓர் அத்தை வந்தார். பலகையைப் படித்தார். பெஞ்சில் 'அப்பாடா' என்று உட்கார்ந்தார். அவரைப் பார்த்து இன்னும் மூன்று பேர் உட்கார்ந்தார்கள். பொட்டலத்தைப் பிரித்து ஜால்முரி என்ற காரப்பொரியைக் கொறிக்க ஆரம்பித்தார்கள். படத்தை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"எழுந்திருக்கச் சொல்றேன் பாரு," என்று நான் கிளம்பினேன்.

தோர்ஷா என் கையைப் பிடித்து நிறுத்தினாள். பெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்னால் போனாள்.

"அத்தே, கொஞ்சம் நகருங்க. இன்னும் ரெண்டு பேர் உட்காரட்டும்."

"இதுக்கு மேல எங்கம்மா நகர்றது?"

"நகரலாம் அத்தே. உலகத்துல இருக்குற துகளெல்லாம் ரெண்டே குடும்பம். ஒண்ணு, என் இடத்துல இன்னொருத்தர் உட்காரவே கூடாதுன்னு அடம்பிடிக்கும்."

"எங்க வீட்டுக்காரர் மாதிரி."

"இன்னொண்ணு, எத்தனை பேர் வந்தாலும் ஒரே இடத்துல உட்கார்ந்துக்கும். வெளிச்சம் அந்தக் குடும்பம்தான். அந்தக் கணக்கைக் கண்டுபிடிச்சவரு இந்த போஸ். டாக்காவுல வாத்தியாரா இருந்தப்போ எழுதி ஐன்ஸ்டைனுக்கு அனுப்பினாரு. அவரே அதை ஜெர்மன்ல மாத்தி அச்சுல வரவெச்சாரு. அதனாலதான் அந்தக் குடும்பத்துக்கே போசோன்னு பேரு."

அத்தை ஜால்முரியை மடியில் வைத்தார். "அப்போ வெள்ளைக்காரனும் போஸ் பேரைத்தான் சொல்றானா?"

"ஜப்பான்காரங்களும் சொல்றாங்க."

"நோபல் பரிசு குடுத்தாங்களா?"

"இல்ல."

அத்தை படத்தை ஒரு தடவை நன்றாகப் பார்த்தார். "போகட்டும் விடு. பேரை யாரும் பிடுங்க முடியாதுல்ல."

அதன் பிறகு கூட்டம் தாங்கவில்லை. உட்கார்ந்தவர்கள் எழவில்லை, வந்தவர்கள் போகவில்லை. பெஞ்சு முனகியது.

மத்தியானம் பெரியக்கா வந்தார். "பலகையில எழுத்துப் பிழை இருக்கே?"

"போசுன், பெரியக்கா," என்றாள் தோர்ஷா.

கஞ்சி போட்ட புடவையோடு பெரியக்கா மீன் பைக்குப் பக்கத்தில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார். "நல்லா இருக்கு," என்றார். எங்கள் இடம் எங்களுக்கே!

அங்கே அர்க்யோ எரிமலையோடு தனியாக நின்றான். எனக்கு உள்ளுக்குள் கொண்டாட்டம்தான். தோர்ஷாவோ அவனைக் கூப்பிட்டாள். "நீயும் வாடா. இந்தப் பெஞ்சுல இடமில்லைன்னு சொல்லவே முடியாது."

அசடு வழிய வந்து உட்கார்ந்தான்.

யாரோ சொல்லி நிதாய் மாமா தூரிகையோடு ஓடிவந்தார். "தப்பாப் போச்சாமே, அழிச்சு எழுதிடறேன்."

"கையை வைக்காதீங்க," என்றார் அத்தை.

வாசலில், கூட்டத்தோடு நின்று எல்லாம் கேட்டுவிட்டிருந்த அந்தக் குடைக்காரர் புதிதாக வந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "முதல்ல போஸ் பெஞ்சுக்குப் போங்க. நேதாஜி இல்லீங்க, இவரு நம்ம இன்னொரு போஸ்."