கொஞ்சம் தள்ளி நில்லு

திங்கட்கிழமை காலை, மனைவி சமையலறையிலிருந்து கூடத்துக்கு வந்தபோது ஒரு செருப்பின் சத்தம்தான் கேட்டது.

எக்ஸ்ரேக்காரர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. முப்பத்திரண்டு வருடம் ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் ஊரார் எலும்பையெல்லாம் படம் பிடித்து ஓய்வு பெற்றவர் அவர். காது கொஞ்சம் மந்தம். ஆனாலும் அந்தச் சத்தம் அத்துப்படி. வீட்டுக்குள் போட்டு நடக்கும் ரப்பர் செருப்பு, சளப் சளப் என்று தரையை அறைந்துகொண்டு வரும். அந்தத் தாளத்தில்தான் கல்யாணமான நாளிலிருந்து அவருக்கு டீ வந்து சேர்ந்திருக்கிறது. இன்று ஒரு சளப். பிறகு ஒன்றுமில்லை. மறுபடி ஒரு சளப். பிறகு ஒன்றுமில்லை. நொண்டுகிற நடை இல்லை அது. ஒரு காலைத் தரையிலும் மறு காலைப் பஞ்சிலும் வைத்து வருகிற மாதிரி.

“கால்ல என்ன?”

“என் கால்ல ஒண்ணும் இல்ல. முதல் பரிசு வந்ததிலேருந்து உங்க காலுதான் தரையில நிக்கல.” டீயை வைத்துவிட்டுப் போனாள். சளப். ஒன்றுமில்லை. சளப்.

அவள் சொன்னது நிஜம். முந்தின நாள்தான் முடிவு அறிவித்திருந்தார்கள். ஊர் போட்டோ கழகம் வருடா வருடம் நடத்தும் விடுமுறைப் படப் போட்டியில் பதினோரு முறை மோதி, ஒன்பது முறை ஆறுதல் பரிசு வாங்கியவர் அவர். கழகத்தில் அவருக்குப் பெயரே ‘ஆறுதல்’ என்றாகிவிட்டது. பரிசாக வந்த சுவர்க்கடிகாரங்களை வைத்து நாலு ரயில் நிலையம் நடத்தலாம். விடுமுறைக்கு மற்றவர்கள் ஊர் சுற்றப் போவார்கள். இவர் படையெடுக்கப் போவார். ஒரு மலை உச்சியில் முக்காலியை ஊன்றினார் என்றால், சூரியனே ‘சரி, எடுத்துத் தொலை’ என்று சலித்துக்கொள்ளும் வரை நகரமாட்டார். பக்கத்தில் பையும் பிளாஸ்கும் குடையும் சுமந்துகொண்டு மனைவி. காமிரா கண்ணுக்குப் போனதும் அவர் வாயிலிருந்து வருவது ஒரே வாக்கியம்: “கொஞ்சம் தள்ளி நில்லு.” அவளும் தள்ளி நிற்பாள். முப்பது வருடம், முப்பது ஊர், தள்ளித் தள்ளி நின்றிருக்கிறாள்.

இந்த வருடத் தலைப்பு ‘தனிமை’. அவரிடம் அதற்கென்றே பிறந்த படம் இருந்தது: ஒரு ஏரி, பால் மாதிரிப் பனி, தண்ணீருக்குள் நீளும் மரப்பாலம். ஒரே ஒரு குறை. தள்ளி நில்லு என்றதும் அவள் தவறான பக்கம் தள்ளி நின்றுவிட்டாள். பாலத்தின் நுனியில், பச்சைப் புடவையும் கையில் பையுமாக, திரும்பி ஏதோ சொல்ல வாயெடுத்தபடி படத்தில் விழுந்திருந்தாள். கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அவளை அழித்தார். ஆறு சாயங்காலம் ஆயிற்று. முதல் நாள் வலது பாதம். மறுநாள் இடது பாதமும் கணுக்காலும். மூன்றாம் நாள் கை, பை. நாலாம் நாள் தோள் வரை. ஐந்தாம் நாள் தலைமுடி. கடைசி நாள் முகம், மோவாயிலிருந்து மேலே. ஒரு புருவத்துக்கு மட்டும் ஒரு மணி நேரம். மூளை அறுவைச் சிகிச்சைக்குக்கூட அவ்வளவு நிதானம் வேண்டாம். அந்தக் குஷியில், படம் எடுக்கும் பைத்தியம் பிடித்தவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பைச் செய்தார். அழித்ததை வேறு பெயரில் வைக்காமல், மூலப் படத்தின் மேலேயே சேவ் பண்ணினார். அடுத்த பயணத்துக்கு இடம் வேண்டுமே என்று மெமரி கார்டையும் துடைத்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை அவள் சத்தமே இல்லாமல் வந்தாள்.

டீ வந்து மேஜையில் உட்கார்ந்த பிறகுதான் நிமிர்ந்து பார்த்தார். புடவைக் கரை தரைக்கு ஒரு சாண் மேலே நின்றது. அதற்குக் கீழே, கழுவிவிட்ட தரைக்கல். கல்லின் விரிசல்கூடத் தெளிவாகத் தெரிந்தது. எதிர்ச் சுவரில் ஊர்ந்த எறும்பு வரிசை தெரிந்தது.

“என்ன, பேயைப் பாத்த மாதிரி பாக்கறீங்க?”

“ஒண்ணுமில்ல. கண்ணாடி மாத்தணும் போல.”

“மொதல்ல காதுக்கு மெஷின் வாங்குங்க. கண்ணு அப்புறம்.” சிரித்துக்கொண்டே போனாள். புடவை காற்றில் போயிற்று.

புதன்கிழமை, டீ டம்ளர் தனியாக மிதந்து வந்தது. தோளிலிருந்து இறங்க வேண்டிய கைகள் இல்லை. டம்ளர் மேஜையில் இறங்கும்போது விரல் வைத்த இடத்தில் ஆவி மட்டும் விலகிச் சுருண்டது. வலது பாதம். இடது பாதம். கைகள். வரிசை அவருக்கு விளங்கிவிட்டது. வேறு யாருக்கு விளங்கும்? அந்த வரிசையைப் போட்டவரே அவர்தானே. டீயைத் தள்ளி வைத்தார். நாளைக்குத் தோள். அதற்கு மறுநாள் முடி. சனிக்கிழமை முகம்.

கழகச் செயலாளரான மருந்துக்கடைக்காரருக்கு போன் போட்டார். கண்காட்சியிலிருந்து படத்தை இறக்கிவிடச் சொன்னார்.

“இறக்கறதா? என்ன சார் நீங்க! ஊரே வந்து அந்தப் படத்துக்கு முன்னால மூச்சு விடாம நிக்குது. தனிமைன்னா அதுதான் சார் தனிமை.” கடையில் யாருக்கோ மாத்திரை எண்ணிக்கொண்டே பேசினார். “எங்களுக்கெல்லாம் எங்க வருது? வீட்டுக்குப் போனா பொண்டாட்டி, பிள்ளைங்க. உங்கள மாதிரி கடைசி வரைக்கும் தனிக்கட்டையா இருந்தவருக்குத்தான் அப்படி ஒரு கண்ணு வரும்.”

எக்ஸ்ரேக்காரர் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றார். போன வருட விருந்தில் இதே மனிதர் இதே மனைவியிடம் ‘அக்கா, அக்கா’ என்று மூன்று தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டவர்.

பீரோவைத் திறந்து கல்யாண ஆல்பத்தை எடுத்தார். மாப்பிள்ளைக் கோலத்தில் அவர் ஒரு காலி நாற்காலியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். பக்கத்துக்குப் பக்கம் அதே சிரிப்பு, அதே நாற்காலி. அவளுடைய அடையாள அட்டையில் பெயருக்கு மேலே சாம்பல் நிறத்தில் ஒரு சதுரம்.

வியாழக்கிழமை அவளை ஜன்னல் பக்கம் உட்கார வைத்தார். தலையும் கழுத்தும் மட்டும் நாற்காலி முதுகுக்கு மேலே நின்றன. காமிராவை எடுத்தார்.

“அட! என்னையா?” அவள் முகம் மலர்ந்தது. “முப்பது வருஷத்துல மொத தடவ. தள்ளி நிக்க வேண்டாமா?”

“வேண்டாம். நகராத. நகரவே நகராத.”

எடுத்தார். மறுபடி எடுத்தார். நாற்பது, ஐம்பது. வெளிச்சத்தைக் கூட்டி, குறைத்து, பக்கத்தில் போய், மண்டியிட்டு. மூச்சு வாங்கியது.

“நல்லா விழுந்திருக்கேனா?”

“ம்.”

“காட்டுங்க.”

மறைக்கப் பார்த்தார். அவள் தலை அவர் தோளுக்கு மேலே வந்து, காமிராவின் சின்னத் திரையைப் பார்த்தது. அவளுடைய தேங்காயெண்ணெய் வாசனை. கன்னத்தின் சூடு.

“நாற்காலி நல்லா விழுந்திருக்கு” என்றாள்.

பிறகு, சின்னக் குரலில், “ஏங்க, நான் இங்கதான இருக்கேன்?”

“இருக்க.”

“விட்டுட மாட்டீங்களே?”

“மாட்டேன். படத்துல போட்டுடறேன் உன்னை. திரும்பப் போட்டுடறேன்.”

கம்ப்யூட்டர் அறையின் கனத்த திரையை இழுத்துவிட்டு உட்கார்ந்தார். பகல் முழுக்க இருட்டாக்கிக்கொண்ட அந்த அறையில் சூடான தூசி வாசனையும், பெட்டிக்குள் விசிறி சுற்றும் முனகலும், கூடத்துக் கடிகாரங்கள் ஒன்பதும் ஒன்றுக்கொன்று முன்னே பின்னே தட்டிக்கொள்ளும் சத்தமும். ஸ்கேன் பண்ணி ஏற்றிய பழைய பிலிம் படங்களிலிருந்து போன மாத ஏரி வரை, பதினாலாயிரத்துச் சொச்சம் படங்கள். ஒவ்வொன்றாகத் திறந்தார். அருவி. கோபுரம். கடல். கழுதை. நாற்பத்தேழு விதமான சூரிய அஸ்தமனம். ஒரே ஒரு முகம் கிடைத்தால் போதும். ஓரத்தில், மங்கலாக, கண்ணை மூடிக்கொண்டு, தும்மிக்கொண்டு, எப்படி இருந்தாலும் சரி.

இல்லை.

அவ்வளவு நன்றாகத் தள்ளி நின்றிருந்தாள்.

கிடைத்ததெல்லாம் துண்டுகள். சட்டத்தின் விளிம்பில் அறுபட்டவை, அவர் அலட்சியத்தில் தப்பியவை. கடற்கரைப் படத்தின் மூலையில் ஒரு வலது பாதம், இருபத்தாறு வயசுப் பாதம், ஈர மணலோடு. ரயில் நிலையப் படத்தில் ஒரு இடது பாதம், போன வருடத்தது, குதிகால் வெடித்து. குடைப்பிடியில் ஒரு இளம் கை. பஸ் ஜன்னலில் நரம்பு தடித்த ஒரு கை, நகம் நீண்டு. தூணுக்குப் பின்னால் பாதி உடம்பு, சிவப்புப் புடவை. மரத்துக்குப் பின்னால் மீதிப் பாதி, நீலம். படகுப் படம் ஒன்றில் தலை. முன் இருக்கையில் உட்கார்ந்திருந்ததால் பின்தலை மட்டும். கொண்டை. ஒரு பழுப்பு கிளிப்.

வெள்ளிக்கிழமை அவள் வழுக்கையாக அறை வாசலில் வந்து நின்று, சாப்பிட வரச் சொன்னாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் நேரம் போய்விடும். அது மட்டும்தான் காரணம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

சனிக்கிழமை பகல் பன்னிரண்டு.

“ஏங்க, அடுப்புல பால்…”

குரல் அறுந்தது. கத்தரிக்கோலால் வெட்டிய மாதிரி.

கூடத்துக்கு ஓடினார். ஆளுயரத்தில், அந்தரத்தில், மூக்குக்கு மேலே மட்டும் மிச்சம். இரண்டு கண்கள் அவரைப் பார்த்தன. கெஞ்சின. வலது புருவம் மெதுவாக, முடி முடியாக, அவர் அழித்த அதே நிதானத்தில் போய்க்கொண்டிருந்தது. புருவத்துக்கு ஒரு மணி நேரம். ஒரு மணி நேரம் இருக்கிறது.

ஓடிவந்து உட்கார்ந்தார். ஏரிப் படத்தைத் திறந்தார். பாலத்தின் நுனியில் முதலில் வலது பாதத்தை ஒட்டினார். சேவ்.

அறைக்கு வெளியே: சளப்.

அழுதுவிட்டார். வாய்விட்டு, குழந்தை மாதிரி. இடது பாதம். சேவ். சளப், சளப். ஆனால் தாளம் சேரவில்லை. ஒரு கால் துள்ளி முன்னே போயிற்று. மற்றது பின்னாலேயே இழுபட்டது. பரவாயில்லை. பரவாயில்லை. சிவப்புப் பாதி. நீலப் பாதி. நடுவில் ஒட்டு தெரிந்தது, மங்கலாக்கினார். ஒரு கை. மறு கை. சமையலறையில் பாத்திரம் ஒன்று உருண்டது. மூச்சுச் சத்தம் கேட்டது. மூச்சு விட மூக்கு ஏது என்று யோசிக்கவில்லை. யோசிக்க நேரமில்லை.

கூடத்தில் மிச்சமிருந்தது ஒரு கண். அரைப் புருவம்.

தலை வேண்டும். தலை இல்லாமல் எப்படி? முகம் இல்லை. எங்கும் இல்லை. இருந்தது ஒன்று. பின்தலை.

ஒட்டினார். படத்தில் அவள் திரும்பிப் பார்க்க வேண்டிய பக்கத்தில், முகம் இருக்க வேண்டிய இடத்தில், கொண்டை. திரையில் அதை இடவலமாகப் புரட்டிப் பார்த்தார். அந்தப் பக்கமும் கொண்டைதான் வந்தது.

கதவிடுக்கில் பார்த்தார். கண் மூடிக்கொண்டிருந்தது. கடைசித் துணுக்கு.

சேவ்.

விசிறியின் முனகல். கடிகாரங்கள்.

சளப்.

இழுபடும் சத்தம்.

சளப்.

“நீதானே?” என்றார். பதில் சொல்ல வாய் இல்லை. கதவு திறந்தது. பகல் வெளிச்சம் அவள் முதுகுக்குப் பின்னால் நின்றது. அது முதுகா, முன்பக்கமா என்று தெரியவில்லை. பாதி சிவப்பு, பாதி நீலம். ஒரு தோள் உயரம், ஒரு தோள் தாழ்வு. தலை முழுக்க முடி. இந்தப் பக்கம் ஒரு கிளிப். கைகள் இரண்டும் மேலே போய் அந்த முடிக்குள் எதையோ துழாவிக்கொண்டிருந்தன. பதறாமல், இருட்டில் சுவிட்சைத் தேடுகிற மாதிரி. தேடின. கிடைக்கவில்லை. மறுபடி தேடின. நின்றன.

தலை அவர் பக்கம் சாய்ந்தது.

எழுந்திருக்கப் பார்த்தார். நாற்காலியின் சக்கரம் திரைத்துணியில் சிக்கிக்கொண்டது. சளப். இழுபடல். தேங்காயெண்ணெய் வாசனை, மிகப் பக்கத்தில்.

இளம் கை அவர் நெற்றியில் படிந்தது. ஈர மணல் மாதிரிச் சில்லிப்பு. முதிர்ந்த கை தாடையைப் பிடித்தது. வலிக்கவில்லை. அன்பாகத்தான் பிடித்தது. விரல்கள் ஒவ்வொன்றாக நகர்ந்தன. புருவம். கண். இன்னொரு கண். மூக்கு. உதடு. ஒன்று விடாமல், அளவெடுக்கிற நிதானத்தோடு.

பிறகு விரல்கள் ஓரத்துக்குப் போயின. கன்னத்தைச் சுற்றி, மோவாயைச் சுற்றி, விளிம்பைத் தேடிக்கொண்டு. காதுக்குக் கீழே நின்றன.

அந்த நீண்ட நகம் தோலுக்கடியில் மெல்ல நுழைந்து, தூக்கிப் பார்த்தது.