ஐந்துக்கு ஐந்தில் வந்த மழை

"நெட்டையன்தான் ஜெயிப்பான்!" என்றார் மேபலின் அப்பா யாகப்பர்.

"இல்ல, இடக்கைக்காரன்தான்!" என்றார் பக்கத்து வீட்டு முஹைதீன்.

ஒரு வாரமாகக் கண்டியை அடுத்த கட்டுகஸ்தோட்டையில் இதே பேச்சுதான். கப்பலில் வந்திறங்கிய இரண்டு தொழில்முறை டெனிஸ் வீரர்கள் சனிக்கிழமை கண்டியில் ஒரே ஒரு செட் ஆடப்போகிறார்கள். ஆறு கேம் வெல்பவருக்குச் செட் சொந்தம். ஆனால் மற்றவரைவிட இரண்டு கேமாவது கூடுதலாக வென்றிருக்க வேண்டும். யாகப்பரும் முஹைதீனும் டெனிஸ் மட்டையைத் தொட்டதுகூட இல்லை.

வியாழக்கிழமை வாக்குவாதம் முற்றியது.

"டெனிஸ் தெரியாத மனுசனோட எனக்கென்ன பேச்சு?" என்று அப்பா கதவைப் படாரென்று சாத்தினார். "மேபல், நீயும் அந்த வீட்டுப் பக்கம் போகக்கூடாது."

"நானும் ஹிதாயாவும் என்னப்பா செஞ்சோம்?"

"செட் முடியட்டும்!"

முஹைதீனின் மகள் ஹிதாயாவுக்கும் வாப்பாவிடமிருந்து அதே உத்தரவு. மறுநாள் தோழிகள் இருவரும் தெருவின் ஆளுக்கொரு ஓரமாகப் பள்ளிக்கூடம் போனார்கள். மேபலுக்கு அழுகை வரவில்லை. எரிச்சல்தான் வந்தது.

சனிக்கிழமை மைதானத்தில் நல்ல கூட்டம். இரண்டு வீட்டாரும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்தார்கள். நெட்டையர் அடித்த பந்து கண்ணுக்கே தெரியவில்லை. இடக்கைக்காரரோ எல்லாவற்றையும் ஓடிப் பிடித்துத் திருப்பினார். கேம் கணக்கு ஐந்துக்கு ஐந்து!

அப்போது கொட்டியது மழை. மைதானம் குளமாகிவிட்டது.

"ஆட்டம் முடிந்தது. வீரர்கள் கொழும்பு ரயிலைப் பிடிக்க வேண்டும்" என்று நடுவர் அறிவித்தார்.

இரண்டு வீட்டாரும் ஒரே கூரையின் கீழ் ஒதுங்கினார்கள்.

"இன்னும் கொஞ்ச நேரம் ஆடியிருந்தா நெட்டையன் ஜெயிச்சிருப்பான்!"

"எங்கட ஆளுதான்! மழை கெடுத்துப்போட்டுது!"

"செட் முடியலையே, இனி நாம பேசவே ஏலாதா?" என்று ஹிதாயா மெல்லக் கேட்டாள்.

மேபலுக்குப் பொறுமை போய்விட்டது. ஹிதாயாவின் கையைப் பிடித்துக்கொண்டு மழையில் ஓடினாள். கூடாரத்தில் வீரர்கள் தலை துவட்டிக்கொண்டிருந்தார்கள்.

பள்ளியில் படித்த ஆங்கிலத்தில் மேபல் கேட்டாள்: "ஐயா, மழை வராவிட்டால் யார் வென்றிருப்பார்?"

"இவர்தான். என் கை ஓய்ந்துவிட்டது" என்றார் நெட்டையர்.

"நானா? எனக்குக் கால் பிடித்துக்கொண்டது. நீதான் வென்றிருப்பாய்!" என்றார் இடக்கைக்காரர்.

"இல்லை, நீதான்!"

"நீதான்!"

"ஐயோ, இங்கேயுமா?" என்று மேபல் தலையில் கை வைத்தாள்.

சொட்டச்சொட்ட நனைந்து திரும்பிய தோழிகள் அப்பாக்களிடம் எல்லாவற்றையும் சொன்னார்கள்.

யாகப்பர் முஹைதீனைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்ப நம்ம ரெண்டு பேர் சொன்னதும் பிழையா?"

"எனக்குத் தெரியாதுப்பா. விளையாடினவங்களே சிரிச்சுக்கிட்டு ஒண்ணா ரயிலுக்குப் போறாங்க. நானும் ஹிதாயாவும் ஒண்ணாத்தான் வீட்டுக்குப் போவோம்!"

"எங்களுக்கும் அந்த வழிதானே மகள்" என்றார் முஹைதீன். யாகப்பர் சிரித்துவிட்டார். நகர்ந்து நின்று, நனையாத இடத்தில் அவருக்கும் இடம் கொடுத்தார்.

பிறகு யாகப்பர் வானத்தைப் பார்த்தார்.

"முஹைதீன் நானா, மழை இப்ப விட்டுரும்."

"எங்க விடுறது? ராத்திரி வரைக்கும் பெய்யும்!"

"இல்ல, இப்பவே…"

"அப்பா!" என்று கத்தினாள் மேபல்.

"வாப்பா!" என்று கத்தினாள் ஹிதாயா.